இன்ஜின் நின்றால் முதலில் மூக்கைத் தாழ்த்துங்கள்: சிறிய விமானம் பழகுபவர்களுக்கு

சிறிய விமானம் ஓட்டப் பழகப் போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "மேலே போய் இன்ஜின் நின்னுபோச்சுன்னா?" என்பதுதான். நியாயமான கேள்வி. இருப்பது ஒரே இன்ஜின். ஆனால் அது நின்றதும் விமானம் தலைகுப்புற விழுந்துவிடுவதில்லை. இறக்கையைத் தாங்குவது காற்று. சரிவில் பெடல் மிதிக்காமல் சைக்கிள் உருண்டு வருகிற மாதிரி, உயரத்தைச் செலவழித்து வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டு இறங்கி வரும்.

பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் காணப்படும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். காற்றில்லாத நாளில், இன்ஜின் இல்லாமல், ஒரு அடி இறங்குவதற்குள் அது ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். தரையிலிருந்து 3,000 அடி உயரத்தில் இருந்தால் சுமார் 8 கிலோமீட்டர் தூரமும் நான்கு நிமிடமும் கையில் இருக்கின்றன. அந்த தூரத்தை வட்டமாகப் போட்டுப் பார்த்தால் 200 சதுர கிலோமீட்டர் நிலம். அதற்குள் ஒரு நல்ல வயல் கிடைக்காமல் போவது அரிது. இதே 600 அடியில் நின்றால் ஒரு நிமிடம்கூட இல்லை.

ஆளைக் கொல்வது பெரும்பாலும் நின்றுபோன இன்ஜின் அல்ல. தரை நெருங்கும்போது இன்னும் கொஞ்சம் தூரம் போய்விடலாம் என்று மூக்கைத் தூக்குகிறோம், வேகம் குறைகிறது, இறக்கை ஸ்டால் ஆகிறது, அதாவது தூக்கும் சக்தியை இழக்கிறது. அதுதான் கொல்கிறது. கட்டுப்பாட்டோடு கொண்டுபோய் வேலியில் மோதினாலும் பிழைக்க வழி உண்டு. 200 அடியில் ஸ்டாலாகிச் சுழன்றால் இல்லை. இனி வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றைச் சுற்றித்தான். இங்கே தரும் எண்கள் 172-க்கு உரியவை. உங்கள் விமானத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

தரையிலேயே முடிக்க வேண்டிய வேலை

இன்ஜின் நிற்பதற்கான காரணங்களில் இயந்திரக் கோளாறைவிட வெட்கப்பட வைப்பது எரிபொருள். தீர்ந்துபோவது, அல்லது ஒரு டேங்கில் இருந்தும் இன்ஜினுக்கு வந்து சேராமல் போவது. சிறிய விமானங்களின் எரிபொருள் முள்ளை நம்ப வேண்டாம். இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டுப் பாருங்கள். புறப்படும் முன் இறக்கைக்கு அடியில் உள்ள வடிகுழாயில் ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். சிறிய விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோல் இளநீல நிறத்தில் இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியாக உருண்டு நிற்கும். குப்பி முழுக்க நிறமில்லாமல் இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள், மொத்தமும் தண்ணீராக இருக்கலாம். அல்லது யாரோ ஜெட் எரிபொருளை ஊற்றியிருக்கலாம். முகர்ந்து பாருங்கள், மண்ணெண்ணெய் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்க சாகச விமானி பாப் ஹூவரின் ஷ்ரைக் கமாண்டரில் ஒருமுறை அப்படித்தான் தவறான எரிபொருளை நிரப்பினார்கள். புறப்பட்ட சற்று நேரத்தில் இரண்டு இன்ஜின்களும் நின்றன. எப்படியோ இறக்கிப் பிழைத்தார். பெட்ரோல் டேங்கின் வாய்க்குள் நுழையாத அகன்ற மூக்கு ஜெட் எரிபொருள் குழாய்களுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

டேங்க் மாற்றும் பிடி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பும் என்பது கண்ணை மூடினாலும் தெரிய வேண்டும். 172-இல் இரண்டு டேங்கிலிருந்தும் ஒன்றாக எடுக்கும் நிலை உண்டு. இன்னொரு பயிற்சி விமானமான பைப்பர் பிஏ-28 வகைகளில் அது கிடையாது. இடது அல்லது வலது, நீங்கள்தான் நேரம் பார்த்து மாற்ற வேண்டும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் ஓட்டிய லாங்-ஈஸி விமானத்தில் இந்தப் பிடி இடது தோளுக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது. திரும்பி அதைப் பிடிக்க முயன்றபோது கால் தன்னையறியாமல் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வலது ரடர் பெடலை அழுத்தி, விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறது என்றுதான் விசாரணையில் முடிவு செய்தார்கள். கிளம்பும்போது டேங்கில் இருந்ததும் குறைவு.

பழைய 172-களில் கார்புரேட்டர் இருக்கும். ஈரப்பதம் மிகுந்த நாளில் அதற்குள் பனி கட்டும். வெளியே குளிராக இருக்க வேண்டும் என்பதில்லை. 30 டிகிரி வெயிலிலும் கட்டலாம். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் அவ்வளவு இறங்கிவிடுகிறது. ஆர்பிஎம் காரணமில்லாமல் மெல்ல மெல்ல இறங்கினால் கார்ப் ஹீட்டை, அதாவது கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் பிடியை, முழுவதுமாக இழுத்து விடுங்கள். பனி உருகி உள்ளே போகும்போது இன்ஜின் இருமும், குலுங்கும். நிலைமை மோசமாகிவிட்டது என்று பயந்து அதை உடனே மூடுகிறவர்கள் உண்டு. மூடாதீர்கள், தெளியும் வரை பொறுங்கள்.

முதல் சில நொடிகள்

இன்ஜின் நின்றால் சட்டென்று மயான அமைதி வரும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் புரொப்பெல்லர் காற்றின் வேகத்தில் தானே சுற்றிக்கொண்டிருக்கும். இரைச்சல் குறையும், உடம்பு லேசாக முன்னே போகிற மாதிரி இருக்கும். இது நடக்கிறது என்பதை மூளை ஏற்றுக்கொள்ளவே மூன்று நான்கு நொடி பிடிக்கும். அந்த நேரத்தில் கை தன் பழக்கத்தில் மூக்கைத் தூக்கிப் பிடித்து உயரத்தைக் காக்கப் பார்க்கும். வேகம் அங்கேதான் போகிறது.

ஆகவே முதல் வேலை மூக்கைத் தாழ்த்துவது. சீராகப் பறந்துகொண்டிருந்தால் கொஞ்சம். புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்தால் தாராளமாக. கிளைடு வேகத்துக்கு, அதாவது இன்ஜின் இல்லாமல் அதிக தூரம் போகும் வேகத்துக்கு, கொண்டுவாருங்கள். பழைய 172என் மாடலுக்கு 65 நாட் (மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர்), 172எஸ் மாடலுக்கு 68 நாட். அந்த வேகம் வந்ததும் டிரிம் சக்கரத்தைச் சுற்றி, கையில் பிடித்திருக்கும் யோக்கின் பளுவைக் கழற்றிவிடுங்கள். கை விட்டாலும் விமானம் அதே வேகத்தில் இறங்க வேண்டும். இந்த டிரிம்மைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இதைச் செய்தால் அடுத்த நான்கு நிமிடமும் வேகத்தோடு மல்லுக்கட்டாமல் தலையை மற்ற வேலைகளுக்குக் கொடுக்கலாம்.

இந்த வேகத்தைவிட மெதுவாகப் போனால் தூரம் கூடும் என்று தோன்றும். கூடாது. மெதுவாகப் போனாலும் சரி, வேகமாகப் போனாலும் சரி, தூரம் குறையத்தான் செய்யும்.

இடம் பார்ப்பது

அடுத்த வேலை காற்றின் திசை. புகை, குளத்து நீரின் அலை, புறப்பட்டபோது இருந்த காற்று, எது கிடைத்தாலும் சரி. எதிர்காற்றில் இறங்குவது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 172 சுமார் 50 நாட் வேகத்தில் தரையைத் தொடும். 10 நாட் எதிர்காற்றில் அது தரையில் 40 நாட். அதே காற்று முதுகுப்பக்கம் இருந்தால் 60 நாட். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், இரண்டாவது முதலாவதைவிட இரண்டேகால் மடங்கு கடுமையானது. 10 நாட் காற்றுதானே என்று விடக்கூடியதல்ல.

வயல் எங்கோ தூரத்தில் அழகாகத் தெரியும். அதை விட்டுவிட்டு முதலில் உங்களுக்கு நேர் கீழே, இரண்டு பக்கமும் குனிந்து பாருங்கள். 172-க்கு இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்ப்பது சுலபம். பைப்பரில் இறக்கை கீழே இருப்பதால் அதைச் சாய்த்தால்தான் தெரியும். எட்டுமா எட்டாதா என்ற சந்தேகத்தில் இருக்கும் அருமையான புல்வெளியைவிட, நிச்சயம் எட்டும் சுமாரான கொல்லை மேல்.

என்ன மாதிரி இடம்? வெட்டி முடித்த வயல் நல்லது. உழுத வயலானால் உழவுசாலின் போக்கிலேயே இறங்குங்கள், குறுக்கே இறங்கினால் முன்சக்கரம் மாட்டி விமானம் குப்புறக் கவிழும். உயர்ந்த பயிர் உள்ளே இழுத்துப் பிடித்துவிடும் என்றாலும் வேகத்தையும் அதுவே தின்றுவிடும். சரிவான நிலத்தில் மேட்டை நோக்கி இறங்குவது நல்லது, காற்று மிகப் பலமாக இருந்தாலொழிய. மேய்ச்சல் நிலத்தில் மாடு நிற்கிறதா, நடுவில் குறுக்கு வேலி போகிறதா என்று பாருங்கள்.

கம்பிகள் வானத்திலிருந்து தெரியாது. கம்பங்களைத் தேடுங்கள். கம்பங்கள் வரிசையாகப் போனால் நடுவில் கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தனியாக ஒரு வீடோ பம்ப்செட்டோ தெரிந்தாலும் அதற்கு எங்கிருந்தோ ஒரு கம்பி வந்தாக வேண்டும். சாலை மேலிருந்து பார்க்கும்போது ஓடுபாதைபோல ஆசைகாட்டும். ஆனால் இரு பக்கமும் கம்பம், பெயர்ப்பலகை, எதிரே வரும் லாரி. 172-இன் இறக்கை 11 மீட்டர் அகலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தச் சாலையை இன்னொரு முறை பாருங்கள். சாலையில் போகிறவர்கள் உங்கள் ஆபத்தில் பங்கு கேட்கவில்லை. வெறிச்சோடிய சாலை, பக்கத்தில் வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அது.

இடத்தின் நீளம் பற்றிப் புதியவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பயிற்சிக் கையேடு ஒரு கணக்குத் தருகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரே சீராக 9 ஜி அழுத்தத்தில், அதாவது உடல் எடையைப்போல் ஒன்பது மடங்கு விசையில், நிற்க வேண்டிய தூரம் மூன்று மீட்டருக்கும் குறைவு. இருக்கைப் பட்டை சரியாகப் போட்டிருந்தால் மனித உடம்பு அதைத் தாங்கும். வேகம் 160 ஆனால் தூரம் நான்கு மடங்கு, சுமார் பதினொன்றரை மீட்டர். எனவே வயலின் கடைசியில் போய் மெதுவாக எதிலாவது இடிப்பது பெரிய விஷயமில்லை. வயலுக்கு முன்னால் இருக்கும் மரத்தில் முழு வேகத்தில் மோதுவதுதான் விஷயம்.

ஒருமுறை தேர்ந்தெடுத்தபின் மாற்றாதீர்கள். பாதி வழியில் இதைவிட நல்ல வயல் கண்ணில் படும், எப்போதும் படும். உயரம் தாராளமாக இருந்தாலொழிய அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.

இன்ஜினை எழுப்ப முயல்வது

வேகம் நிலைப்பட்டது, இடம் பார்த்தாயிற்று, அதை நோக்கித் திரும்பியாயிற்று. அப்புறம்தான் இது. 1,000 அடிக்குக் கீழே இருந்தால் இதை விட்டுவிட்டு இறங்குவதில் கவனம் வையுங்கள்.

172எஸ்-இல் கை தரையிலிருந்து மேலே போகிற மாதிரி ஒரு வரிசையைப் பழகிக்கொள்வது சுலபம். தரையில் டேங்க் பிடி இரண்டு டேங்கிலிருந்தும் எடுக்கும் நிலையில் இருக்கிறதா, அடைப்பு வால்வு முழுக்க உள்ளே தள்ளியிருக்கிறதா. அங்கிருந்து மேலே வந்தால் மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவையின் பிடி) முழுவதும் உள்ளே, துணை எரிபொருள் பம்ப் ஆன். பிறகு சாவி, தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவும் இயங்கும் நிலையில். புரொப்பெல்லர் அசையாமல் நின்றிருந்தால் மட்டும் ஸ்டார்ட்டரைத் திருப்ப வேண்டும். கார்புரேட்டர் உள்ள பழைய மாடலில் பம்ப் இருக்காது. அங்கே கார்ப் ஹீட்டை முதலில் இழுங்கள், இன்ஜினுக்குப் பெட்ரோல் பீய்ச்சும் பிரைமர் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மனப்பாடமாகச் செய்து முடித்தபின் நேரம் இருந்தால் செக்லிஸ்ட்டை எடுத்து ஒருமுறை சரிபாருங்கள். அச்சிட்ட தாளைத் தேடித்தான் தொடங்குவேன் என்றால் 500 அடி போய்விட்டிருக்கும்.

எண்ணெய் அழுத்தம் சுழியாக இருந்தாலோ முன்கண்ணாடியில் எண்ணெய் வழிந்தாலோ முயற்சியே வேண்டாம்.

மேடே

மேடே என்பது ரேடியோவில் சொல்லும் ஆபத்து அழைப்பு. ஏற்கெனவே யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்களோ அதே அலைவரிசையில் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் அவசர அலைவரிசையான 121.5. ராடாருக்கு உங்களை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசர எண் 7700. சொல்ல வேண்டிய வரிசை: மேடே மூன்று முறை, உங்கள் அழைப்புக்குறி, இன்ஜின் நின்றுவிட்டது, எங்கே இருக்கிறீர்கள், எத்தனை அடி, எங்கே இறங்கப் போகிறீர்கள், எத்தனை பேர். அவ்வளவுதான். கட்டுப்பாட்டு அறை எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. அவர்கள் ஆம்புலன்ஸ் அனுப்பலாம். விமானத்தை ஓட்ட முடியாது.

இறக்குவது

வயலுக்கு மேலே உயரமாக வந்துவிட்டால் தள்ளிப் போகாதீர்கள். அதன் பக்கத்திலேயே வட்டமடித்து உயரத்தைக் கரையுங்கள். வயலின் விளிம்புக்கு இணையாக, காற்று முதுகில் இருக்க, சுமார் 1,000 அடியில் வந்து சேர்ந்தால் பிறகு எல்லாம் நீங்கள் தினமும் ஓடுபாதையில் செய்யும் தரையிறக்கம்தான். கடைசித் திருப்பத்தைக் கொஞ்சம் உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். உயரம் மிஞ்சினால் கழிக்கலாம், குறைந்தால் கடன் வாங்க முடியாது.

குறி வைப்பது வயலின் மூன்றில் ஒரு பங்கு உள்ளே. முன்கண்ணாடியில் அந்த இடம் மேலே நகர்ந்தால் எட்டவில்லை என்று பொருள்; கீழே நகர்ந்தால் தாண்டிப் போகிறீர்கள். நிச்சயம் எட்டும் என்று தெரிந்த பிறகு ஃப்ளாப்ஸ் (இறக்கையின் பின்விளிம்பு மடல்கள்) இறக்குங்கள், அதற்கு முன் ஒரு டிகிரிகூட வேண்டாம். இன்னும் உயரமாக இருந்தால் ஸ்லிப் செய்யலாம், அதாவது ஒருபக்கம் சாய்த்து எதிர்ப்பக்கம் ரடரை அழுத்தி உயரத்தைக் கரைக்கலாம். ஆனால் 172-களில் 20 டிகிரிக்கு மேல் ஃப்ளாப்ஸ் இறக்கியபின் கடுமையான ஸ்லிப் வேண்டாம் என்ற எச்சரிக்கை உண்டு.

இறங்குவது உறுதியானதும் தீப்பிடிக்கக் காரணமானவற்றை அணைக்க வேண்டும். மிக்ஸ்சரை வெளியே இழுத்து, வால்வை மூடி, சாவியை ஆஃப் செய்யுங்கள். மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்ச் கடைசி. 172-இன் ஃப்ளாப்ஸ் மின்சாரத்தில் ஓடுகிறது. மாஸ்டரை அணைத்துவிட்டுப் பிடியை இழுத்தால் எதுவும் அசையாது. தோள்பட்டைப் பட்டையை இறுக்குங்கள், பயணிகளையும் இறுக்கச் சொல்லுங்கள். கதவைத் தாழ் நீக்கிச் சற்றுத் திறந்து வையுங்கள், மோதலில் சட்டம் வளைந்தால் பிறகு திறக்காது. பயணிகளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

வால் சற்றுத் தாழ்ந்த நிலையில், ஸ்டால் ஒலி கேட்கிற அளவு மெதுவாகத் தொடுங்கள், பிரேக்கை அழுத்துங்கள். மரங்களுக்கு நடுவே போக வேண்டி வந்தால் விமானத்தின் உடலை இரு மரங்களுக்கு நடுவே செலுத்தி இறக்கைகளைக் கொடுத்துவிடுங்கள். விமானம் உடைந்தால் உடையட்டும். இன்ஜின் நின்ற நொடியிலிருந்து அது காப்பீட்டுக்காரருடையது. சேதமில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் பலரை நல்ல வயலை விட்டுத் தொலைவிலுள்ள ஓடுபாதைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

புறப்பட்டவுடன் நின்றால்

இதுதான் மிகக் கடினமான நிலை. ஓடுபாதை முதுகுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் அல்ல, இதோ பக்கத்தில் இருக்கிறது. திரும்பிவிடலாம் என்று ஒவ்வொரு நரம்பும் சொல்லும்.

கணக்கைப் பாருங்கள். 70 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்வில் அரை வட்டம் அடித்தால் ஓடுபாதையில் வந்து நிற்க மாட்டீர்கள். அதற்கு இணையாக 450 மீட்டர் பக்கவாட்டில் இருப்பீர்கள். அதோடு சேர இன்னும் திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு மட்டும் அரை நிமிடம், திகைப்பில் போன நான்கு நொடி தனி. திருப்பத்தில் விமானம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். அதற்குள் 500 அடிக்கு மேல் போயிருக்கும். சாய்வைக் கூட்டித் திருப்பத்தைச் சுருக்கலாம் என்றால் 45 டிகிரியில் ஸ்டால் வேகம் 19 சதவீதம் கூடுகிறது, 60 டிகிரியில் 41 சதவீதம். திரும்பி முடித்தாலும் இப்போது காற்று முதுகில்.

2015 மார்ச் 5 அன்று நடிகர் ஹாரிசன் ஃபோர்டு சாண்டா மோனிகாவில் 1942-ஆம் ஆண்டுத் தயாரிப்பான ரயன் பயிற்சி விமானத்தில் புறப்பட்டார். சுமார் 1,100 அடியில் இன்ஜின் சக்தி போனது. கார்புரேட்டருக்குள் ஒரு சிறு ஜெட் திருகு கழன்றிருந்தது என்று பிறகு தெரிந்தது. அவரும் முதலில் விமான நிலையத்துக்குத்தான் திரும்பத் தொடங்கினார். எட்டாது என்று தெரிந்ததும் பிடிவாதம் பிடிக்காமல் பக்கத்திலிருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தை நோக்கி இறக்கினார். மரத்தின் உச்சியில் உரசி விழுந்தார். எலும்புகள் முறிந்தன, உயிர் தப்பியது. தோள்பட்டைப் பட்டை பொருத்தியிருந்த இருக்கையின் முதுகுப்பகுதி தாங்காமல் பிய்ந்துவந்தது காயத்தைக் கூட்டியது. மனதை மாற்றிக்கொண்ட அந்த ஒரு முடிவை நான் இங்கே முக்கியமாகச் சொல்வேன்.

எனவே புறப்படும் முன் ஓடுபாதையின் முனையில் நின்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ஓடுபாதையில் இருக்கும்போதே நின்றால் த்ராட்டில் மூடி, பிரேக். எழும்பியபின் குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே நின்றால் நேராகவோ இரு பக்கமும் 30 டிகிரிக்குள்ளோ இறங்குவேன். அந்த உயரம் எவ்வளவு என்பதை உங்கள் பயிற்றுநரோடு, உங்கள் விமானத்தில், பாதுகாப்பான உயரத்தில் செய்துபார்த்து முடிவு செய்யுங்கள். புதியவர்களுக்கு என் பரிந்துரை 1,000 அடிக்குக் குறையாமல். வழக்கமாகப் புறப்படும் ஓடுபாதைகளின் முனைகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் வீண் வேலையல்ல.

பாதி சக்தி

இன்ஜின் முழுதாக நிற்காமல் குலுங்கிக்கொண்டு கொஞ்சம் இழுத்தால்? முழுதாக நிற்பதைவிட இது குழப்பமானது, ஏனென்றால் நம்பிக்கை கொடுக்கும். வீடு வரை போய்விடலாம் என்று மலை, ஊர், காடு எல்லாவற்றையும் தாண்டப் பார்ப்போம். சக்தி எந்த நொடியும் போய்விடும் என்றே வைத்துக்கொண்டு, கீழே எப்போதும் ஒரு இறங்கும் இடம் எட்டும்படி பாதையை அமையுங்கள். மேக்னெட்டோவை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள்; ஒன்றில் சீராக ஓடினால் அதிலேயே விடுங்கள்.

இறங்கியபின், பயிற்சியில்

நின்றதும் எல்லோரையும் வெளியேற்றி காற்று வரும் திசையில் தள்ளி நில்லுங்கள். தீ இல்லை என்று உறுதியானபின், விமானம் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் அவசர ஒலிபரப்பி இயங்குகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கையால் இயக்குங்கள். ஆளில்லாத இடமானால் விமானத்தை விட்டு நடந்து போகாதீர்கள். தேடுபவர்களுக்கு மனிதனைவிட விமானம் சீக்கிரம் தெரியும்.

பயிற்சியில் பயிற்றுநர் த்ராட்டிலை ஐடிலுக்கு இழுத்துவிட்டு "இன்ஜின் போச்சு" என்பார். அப்போதும் புரொப்பெல்லர் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். உண்மையில் நின்றால் பயிற்சியில் போன தூரம் போகாது. வயலை இன்னும் கிட்டத்தில் தேர்ந்தெடுங்கள். பயிற்சி இறக்கத்தின்போது அவ்வப்போது த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டி இன்ஜினைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விளையாட்டாக நிறுத்திய இன்ஜின் குளிர்ந்துபோய், மீண்டும் ஏறுவதற்கு த்ராட்டிலைத் தள்ளும்போது நிஜமாகவே நின்றுவிடலாம்.